கூடத்தில் கட்டிய வலை

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒலிம்பிக் போட்டிகள் வரும்போதெல்லாம் நம் வீடுகளில் வேடிக்கையான காட்சி ஒன்றைக் காணலாம். எங்கோ ஒரு நாட்டில் மனிதர்கள் ஓடுகிறார்கள், தாவுகிறார்கள், நீந்துகிறார்கள். நாமோ அவர்களைப் பார்ப்பதற்காகவே அசையாமல் அமர்ந்திருக்கிறோம். பிள்ளைகளையும் பக்கத்தில் அமர்த்தி, அசையாதிருக்கச் சொல்கிறோம். அல்லது படிப்புக் கெட்டுவிடும் என்ற அச்சத்தால் தொலைக்காட்சியையே அணைத்துவிடுகிறோம். பார்த்துக்கொண்டே இருப்பது, பாராமலே இருப்பது என்னும் இவ்விரண்டுக்கும் நடுவே பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அவ்வழியைப் பற்றிப் பெற்றோரோடு சற்றே பேச விரும்புகிறேன்.

2024-ஆம் ஆண்டு ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 11 வரை 17 நாள்கள் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் நடைபெற்றது. அந்நாள்களில் என் பங்கில் வீடு சந்திக்கச் சென்ற இடமெல்லாம் அதே பேச்சு. ஆகஸ்ட் 8 அன்று, நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டி நடந்த ஈட்டி எறிதலில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கமும், நம் நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிந்து வெள்ளியும் பெற்றனர். இரண்டொரு நாளில் திருப்பலி முடிந்து வெளியே வந்த தாய்மார்கள் பேசிக்கொண்டது மீட்டர் கணக்கைப் பற்றி அன்று. தங்கம் வென்றவனும் எங்கள் பிள்ளைதான் என்று நீரஜின் தாயார் சொன்னதையும், அவ்வாறே அர்ஷத்தின் தாயாரும் நீரஜைத் தம் மகனாகச் சொன்னதையும் பற்றித்தான். தாய்மார்களுக்கு எது செய்தி என்பது தாய்மார்களுக்கே தெரியும்.

அதே வாரத்தில் எங்கள் ஊரில் ஒரு சிறுவன் மூங்கில் கழியை ஈட்டியாக எறிந்து அண்டை வீட்டு ஓடுகள் இரண்டை உடைத்தான். வழக்கு என்னிடம் வந்தது. ஓட்டுக்கு உரிய விலையைத் தந்தை கொடுத்துவிட்டார். முதுகில் இரண்டு அடியும் பையனுக்குக் கிடைத்திருந்தது. எனக்கோ அந்தப் பையன்மீது கோபம் வரவில்லை. கண்ட ஒன்றைத் தானும் செய்துபார்க்க வேண்டும் என்று எழுந்த ஒரே பிள்ளை அவன்தான். நாளிதழை இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டினால் ஓடு உடைக்காத ஈட்டி ஒன்று கிடைக்குமே என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் அந்தத் தெருவில் எவர் வீட்டிலும் பழைய நாளிதழ் மிஞ்சவில்லை.

பெரும் போட்டிகள் பிள்ளைகளின் கைகளுக்கும் கால்களுக்கும் இறங்கிவர வேண்டும் என்று நான் எண்ணுவதற்குக் காரணம் என் தந்தையார். 1984-இல் எனக்கு 11 வயது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நான்காவதாக வந்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 55.42 வினாடி. வெண்கலம் பெற்ற ருமேனிய வீராங்கனை கிறிஸ்டினா கோஜோகாரு எடுத்துக்கொண்டதோ 55.41 வினாடி. நூறில் ஒரு பங்கு வினாடியில் பதக்கம் கைநழுவியது என்று ஊர்ப் படிப்பகத்தில் நாளிதழைப் படித்துவிட்டு வந்த தந்தையார், குத்தகை நிலத்தில் உழைத்துக் களைத்த அம்மாலையில், எங்கள் நால்வரையும் அழைத்து அமரவைத்தார். முறத்தில் நெல்லை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணினார். பிறகு இரண்டு சிறு குவியல்களை எங்கள் முன் வைத்தார். “ஒண்ணுல நூறு இருக்கு, ஒண்ணுல தொண்ணூத்தொம்பது. தொடாமச் சொல்லுங்க, எதுல குறையுது?”

அரிக்கன் விளக்கின் ஒளியில் வெகுநேரம் உற்றுப் பார்த்தோம். நான் ஒரு குவியலைக் காட்டினேன், தங்கை மற்றொன்றைக் காட்டினாள். எண்ணிப் பார்த்தபின் தங்கை சொன்னதே சரியாயிற்று, ஆனால் அவளும் ஊகித்துத்தான் சொன்னாள். “ஒரு வினாடிய நூறு நெல்லா வச்சுக்கிட்டா, அந்தப் பொண்ணுக்கு இந்த ஒரு நெல்லுதான் குறைஞ்சுது” என்று தந்தையார் ஒரு மணியை விரல்நுனியில் எடுத்துக் காட்டினார். அம்மா வந்து நெல்லை மீண்டும் குதிரில் கொட்டும்வரை அந்த ஒரு மணி எங்கள் நால்வரின் கைகளிலும் மாறி மாறிச் சுற்றியது. அவர் ஓடிய முழு ஓட்டத்தையும் நெல்லாக எண்ணினால் 5,542 மணிகள் வரும் என்று பின்னர் நானே கணக்கிட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்போது வானொலிகூடக் கிடையாது. ஒலிம்பிக் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தது ஒரு முறத்தின் வழியாக.

இன்றைய பிள்ளைகளிடம் பெற்றோரின் கைப்பேசி இருக்கிறது. அதிலுள்ள ஸ்டாப் வாட்ச்சைத் தட்டித் தொடங்கி, உடனே தட்டி நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். நூறில் ஒரு பங்கில் நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு மாலை முழுவதும் முயல்வார்கள், முடியாது. அதன்பின் நான்காவது இடம் என்றால் என்ன என்பதை நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

அளவுகளை வீட்டுக்குள் கொண்டுவருவது போலப் பிள்ளைகளை மகிழ்விப்பது வேறொன்றும் இல்லை. கியூபாவின் ஹாவியர் சோட்டோமேயர் 1993-இல் தாண்டிய உயரம் 2.45 மீட்டர். நம் வீடுகளில் நிலைக்கதவு பெரும்பாலும் ஏழடிதான். அதற்கும் ஓரடிக்கு மேலே சுவரில் கரிக்கோடு ஒன்று போட்டால், வாயிலைக் கடக்கும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். 1991-இல் டோக்கியோவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் அமெரிக்காவின் மைக் பவல் தாண்டிய நீளம் 8.95 மீட்டர். இதை அளந்து பார்க்கத் தையல்காரர் வீட்டுப் பிள்ளைகள் முனைந்தபோது, வாசலில் தொடங்கிய நாடா கூடத்தைக் கடந்து அடுக்களையில் அடுப்பருகே போய் நின்றது. ஒரு மனிதன் ஒரே தாவலில் தங்கள் வீட்டையே தாண்டிவிடுவான் என்பதை அப்பிள்ளைகளின் பாட்டி இறுதிவரை நம்பவில்லை. 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடியபோது வைத்த அடிகள் ஏறத்தாழ 41. கோவில் வாசலிலிருந்து 100 மீட்டரை அளந்து கல் நட்டு, பிள்ளைகளை ஓடவிட்டுத் தங்கள் அடிகளைத் தாங்களே எண்ணச் சொன்னோம். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு எண்பதைத் தாண்டியது. அவள் வருந்தவில்லை. “எனக்குத்தான் அதிகம்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மாரத்தான் ஓட்டம் 42.195 கிலோமீட்டர். இதைக் குடும்பமாக ஓடலாம் என்று ஓர் அன்பியக் கூட்டத்தில் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். கோவில் வளாகத்தை ஒருமுறை சுற்றினால் 200 மீட்டர். 211 சுற்றுகள் சுற்றினால் மாரத்தான் நிறைவாகும். போட்டி நடக்கும் 17 நாள்களில் நால்வர் உள்ள குடும்பம் ஒன்று, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று சுற்று நடந்தாலே 204 வந்துவிடும். எஞ்சிய ஏழையும் இறுதி நாளன்று ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பகிர்ந்துகொள்ளலாம். ஓட வேண்டும் என்பதுகூட இல்லை, நடந்தால் போதும். ஆறு குடும்பங்கள் தொடங்கின. நான்கு நிறைவு செய்தன. ஒரு குடும்பத்தில் தந்தையும் பதினைந்து வயது மகனும் பல மாதங்களாக ஒருவரோடொருவர் சரிவரப் பேசாதிருந்தனர் என்பது ஊரறிந்த செய்தி. அவர்கள் இருவரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள், பின்னர் அருகருகே நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. சுற்று எண்ணிக்கையில் ஒருநாள் அவர்களுக்குள் தகராறு வந்ததை மட்டும் காதால் கேட்டேன். பேசாதிருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

இவற்றையெல்லாம் சொல்லும்போது பெற்றோர் சிலரின் கண்களில் ஓர் ஒளி தோன்றுவதைக் கவனித்திருக்கிறேன். அந்த ஒளி எனக்குச் சற்று அச்சம் தருவது. “அப்படியானால், இவனை எதில் சேர்த்தால் பதக்கம் வரும், ஃபாதர்?” என்பது அடுத்த கேள்வியாக வருகிறது. கணக்குக்கு ஒரு டியூஷன், ஆங்கிலத்துக்கு ஒரு டியூஷன், இப்போது விளையாட்டுக்கும் ஒரு டியூஷன்! திறமையுள்ள பிள்ளைக்குப் பயிற்சி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வீட்டில் விளையாடும் விளையாட்டில் அண்ணனைத் தம்பியோடும், நம் பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் நிறுத்துப் பார்க்கத் தொடங்கும் அந்த நொடியிலேயே அது விளையாட்டு என்ற பெயரை இழந்துவிடுகிறது. தோற்ற பிள்ளை எழுந்து உள்ளே போய்விடும். அதன்பின் எத்தனை அழைத்தாலும் வராது.

குருமடத்தில் புனித தாமஸ் அக்குவினாரின் இறையியல் தொகுப்பைப் பயின்ற நாள்களில் ஒன்று என் நினைவில் நிற்கிறது. நற்பண்புகளைப் பற்றிய பகுதியில், விளையாட்டிலும் ஒரு நற்பண்பு இருக்க முடியுமா என்று அவர் வினவி, முடியும் என்று விடையளிக்கிறார். அத்தோடு நில்லாமல், அளவு மீறிய விளையாட்டு குற்றமாவது போலவே, விளையாட்டே இல்லாதிருப்பதும், பிறருடைய களிப்புக்குத் தடையாயிருப்பதும் குறையே என்று நிறுவுகிறார். எப்போதும் வளைத்தே வைத்திருக்கும் வில் முறிந்துவிடும் என்று திருத்தூதர் யோவானைப் பற்றி வழங்கிவரும் பழங்கதையையும் அங்கே எடுத்தாள்கிறார். தேர்வு நெருங்கிய நேரமாதலால் எங்கள் பேராசிரியர் அப்பகுதியை விரைந்து கடந்துவிட்டார். தேர்வில் அதிலிருந்து வினா வராது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஒலிம்பிக் போட்டிகளின் குறிக்கோளுரையே ஒரு பள்ளிக்கூடத்தில் பிறந்தது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். பாரிஸ் அருகே ஆர்க்கேய் என்னும் ஊரில் தொமினிக்கன் சபைக் குரு ஹென்றி திதோன் ஒரு பள்ளியின் தலைவராக இருந்தார். 1891-இல் தம் மாணவர்களின் விளையாட்டு விழாவில், ‘இன்னும் விரைவாக, இன்னும் உயரமாக, இன்னும் வலிமையாக’ என்று பொருள்படும் மூன்று இலத்தீன் சொற்களை அவர்களுக்கு விருதுவாக்காகத் தந்தார். அவருடைய நண்பர் பியேர் தெ குபேர்த்தின் அச்சொற்களை எடுத்துக்கொண்டு, 1894-இல் ஒலிம்பிக் இயக்கத்தைத் தொடங்கியபோது அதற்கே உரியவையாக்கினார். அந்த மூன்று சொற்களுமே ‘இன்னும்’ என்றுதான் தொடங்குகின்றன. எதைவிட இன்னும்? அடுத்தவனைவிட என்று பொருள் கொள்வோர் உண்டு. நேற்றைய உன்னைவிட என்று கொள்வதே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. 2021-இல் டோக்கியோவில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு, ‘ஒன்றிணைந்து’ என்னும் நான்காவது சொல்லைச் சேர்த்தது. 127 ஆண்டுகள் கழித்து வந்த அச்சொல், வீட்டு விளையாட்டுக்கு முதலாவதாக வேண்டியது.

அச்சொல்லின் பொருளை நான் கண்டது ஒரு பலசரக்குக் கடைக்காரரின் வீட்டில்.

எங்கள் பங்கின் கடைக்கோடித் தெருவில் அவ்வீடு இருக்கிறது. மூன்று பிள்ளைகள். மூத்தவள் பதின்மூன்று வயதுப் பெண், இளையவன் ஏழு வயது. நடுப்பிள்ளைக்குப் பத்து வயது. பிறந்தது முதலே அவனுக்கு இரு கால்களிலும் வலுவில்லை. கைகளை ஊன்றி, உடலைத் தூக்கித் தூக்கி வைத்துத் தரையில் நகர்ந்துதான் வீட்டுக்குள் எங்கும் செல்வான். பள்ளிக்குத் தந்தை வண்டியில் ஏற்றிச் செல்வார். ஆனால் திருவிழாவுக்கோ தேர்ப்பவனிக்கோ அவனைக் கொண்டுவருவதில்லை. “கூட்டத்துல எல்லாரும் பாப்பாங்க சாமி. பாத்துட்டு எங்கிட்ட ஒண்ணு கேப்பாங்க. எத்தன தடவ பதில் சொல்றது?” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அன்பில்லாத தந்தை அல்லர். மகனை எவர் கண்ணும் படாமல் காப்பதே அன்பு என்று நம்பியவர்.

ஒலிம்பிக் நடந்த அந்த இரண்டரை வாரமும் அவ்வீட்டுப் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும் முற்றத்தில் தாண்டினார்கள், எறிந்தார்கள், ஓடினார்கள். நடுப்பிள்ளை திண்ணையில் அமர்ந்து கணக்கெழுதினான். முதல் வெள்ளியன்று அவ்வீட்டுப் பாட்டிக்கு நற்கருணை கொண்டுசென்றபோது அவனுடைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அழகிய கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு, யார் எவ்வளவு தாண்டினார், யார் எத்தனை வினாடியில் ஓடினார், நேற்றைக்கு இன்று எவ்வளவு கூடியது என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தான். தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருந்தன. ஒரு பெயர் மட்டும் இல்லை. நான் பார்த்ததை அவனுடைய அக்காளும் பார்த்தாள்.

ஆகஸ்ட் 28 அன்று அதே பாரிஸ் நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகள் தொடங்கின. இவற்றின் வரலாறு ஒரு மருத்துவமனையில் தொடங்குகிறது. நாத்சிகளுக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களுக்கு ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை அளித்துவந்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேருக்கு அவர் வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். 1960-இல் ரோமையில் நடந்த போட்டிகள் முதலாவது பாராலிம்பிக்காகக் கொள்ளப்படுகின்றன. நம் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் வலக்கால் நசுங்கியவர். காய்கறி விற்ற தாயால் வளர்க்கப்பட்டவர். 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார், டோக்கியோவில் வெள்ளியும் பாரிசில் வெண்கலமும் பெற்றார். பாரிசில் இந்தியா வென்ற பாராலிம்பிக் பதக்கங்கள் 29. ஆயினும் அந்த நாள்களில் திண்ணைகளில் பேச்சுக் குறைந்திருந்தது. ஒலிம்பிக்கில் நாம் பெற்றவை 6 பதக்கங்களே, அவற்றுக்கு இருந்த ஆரவாரம் இவற்றுக்கு இல்லை.

அந்த வாரத்தில்தான் கடைக்காரரின் மூத்த மகள் பங்கு இல்லத்துக்கு வந்தாள். “ஃபாதர், உக்காந்துகிட்டே வெளையாடுற வாலிபால் இருக்காம். டிவியில கொஞ்ச நேரம் காட்டுனாங்க. அதோட ரூல் என்னன்னு பாத்துச் சொல்றீங்களா?” என்றாள். யாருக்காக என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

விதிகள் எளியவை. ஆடுகளம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வலையின் மேல்விளிம்பு ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர் உயரத்தில் இருக்கும். பந்தைத் தொடும் வேளையில் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உடலின் ஏதேனும் ஒரு பகுதி தரையில் படிந்திருக்க வேண்டும். எழுந்தால் தவறு.

அவர்களுடைய கூடம் இந்த ஆடுகளத்தில் கால்பங்குகூட இராது. பாட்டியின் பழைய நூல்சேலையை முறுக்கி, சன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிக்கு இழுத்துக் கட்டினார்கள். பந்து கூடாது என்று தாய் தடுத்துவிட்டார். மாடத்துக்கு மேலே இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தின் கண்ணாடி அவருக்குக் கவலை. ஆகவே பந்துக்குப் பதில் பலூன். ஐந்து பேர் ஒரு புறம், ஐந்து பேர் மறு புறம், எல்லோரும் தரையில். கதவருகே ஒரு முக்காலியில் அமர்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் சில நிமிடங்கள் ஒரே சிரிப்பு. நன்றாக ஓடக்கூடிய பிள்ளைகள் தரையில் அமர்ந்தபின் என்ன செய்வதென்று அறியாமல் தத்தளித்தார்கள். பலூன் ஒரு முழம் தள்ளி விழுந்தாலும் அவர்களால் போய்ச் சேர முடியவில்லை. முழங்காலிட்டார்கள், ‘தப்பு’ என்றாள் அக்காள். காலை நீட்டினார்கள், அடுத்தவன்மேல் இடித்தது. ஆனால் ஒருவன் மட்டும் பலூன் விழும் இடத்தில் எல்லாம் அதற்கு முன்பே இருந்தான். பத்து ஆண்டுகளாகக் கைகளால் நடந்தவன் அவன். உள்ளங்கையை ஊன்றி ஒரே வீச்சில் சுவர் ஓரம் போவான், அங்கிருந்து வலையருகே வருவான். மற்றவர்களின் கால்கள் இப்போது வெறும் சுமைகள். அவனுடைய தோள்களோ அவர்களுடையவற்றைப் போல் இருமடங்கு வலிமையுடையவை. முதல் ஆட்டம் அவனுடைய அணிக்கு. இரண்டாவதும் அவர்களுக்கே. அணியை மாற்றிப் பிரித்தார்கள், அப்போதும் அவன் இருந்த பக்கமே வென்றது.

கடையை அடைத்துவிட்டு வந்த தந்தை, வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பையன் அவரைக் கண்டதும், “அப்பா, நிக்கக் கூடாது. வர்றதுன்னா உக்காந்து வாங்க” என்றான். அந்த வீட்டில் அவன் எவருக்கேனும் கட்டளையிட்டு நான் கேட்டது அதுவே முதல்முறை. அவர் தயங்கினார். என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு, மகனுக்கு எதிர்ப்பக்கம் அமர்ந்தார். அவருக்கு உடல் பருமன், நகரவே முடியவில்லை. மகன் இரக்கமே காட்டவில்லை. அவர் வலப்பக்கம் கை நீட்டினால் இடப்பக்கம் தட்டினான், பின்னே சாய்ந்தால் வலைக்கு அருகே மெல்லத் தட்டி விழச்செய்தான். தோற்றபின் மூச்சுவாங்க என் பக்கம் வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு தணிந்த குரலில், “இவன் கை இம்புட்டு வேகமாப் போகும்னு எனக்குத் தெரியாது சாமி” என்றார். பத்து ஆண்டுகளாக நாள்தோறும் அந்தப் பிள்ளையைத் தூக்கி வண்டியில் ஏற்றி இறக்கியவர் அவர்.

அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பையன் இன்றும் கைகளால்தான் நகர்கிறான். ஊரில் அவனைப் பார்ப்பவர்கள் பரிதாபமாகக் கேட்பதும் நின்றபாடில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அவன் கோவில் வளாகத்துக்கு வந்தான். தந்தைதான் தூக்கிக்கொண்டு வந்தார். வேப்ப மரத்தடியில் கயிறு கட்டி, மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர் மண்ணில் அமர்ந்து விளையாடினார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் செம்மண் ஏறியதற்காகத் தாய்மார்கள் பலர் என்னைக் கடிந்துகொண்டார்கள். ஒருவர் வீட்டு முறைப்படி பெரிய சோப்புக்கட்டி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன்பின் மற்ற விளையாட்டுகளும் வந்தன. போச்சா என்பது மென்மையான பந்துகளை எறிந்து வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் சேர்ப்பது. அணிக்கு ஆறு பந்துகள். பழந்துணியில் பயறு நிரப்பித் தைத்தால் போதும், கட்டிலில் கிடப்பவரும் விளையாடலாம். இதனினும் என்னைக் கவர்ந்தது கோல்பால். 1946-இல், போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக உருவாக்கப்பட்டது. அணிக்கு மூவர், உள்ளே மணிகள் உள்ள பந்து. ஒலியைக் கேட்டே பந்து வரும் திசையறிந்து உடலால் தடுக்க வேண்டும். சிறிதளவு பார்வை உள்ளவருக்கும் பார்வையே இல்லாதவருக்கும் வேறுபாடு வாராதபடி எல்லோரும் கண்களை மூடிக்கட்டிக்கொள்கிறார்கள். பந்து உருளும்போது அரங்கில் உள்ளோர் அனைவரும் பேசாதிருக்க வேண்டும். பழைய சலங்கை மணிகளைத் துணிப்பந்துக்குள் வைத்துத் தைத்து, துண்டால் கண்களைக் கட்டி எங்கள் பிள்ளைகள் இதை விளையாடுகிறார்கள். ஏழெட்டுப் பிள்ளைகள் உள்ள ஓர் இடம் அவ்வளவு அமைதியாக இருக்கக்கூடும் என்பதை நான் தவக்கால வழிபாடுகளில்கூடக் கண்டதில்லை.

வீட்டு விளையாட்டுக்கும் உலகப் போட்டிக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே விதிகள் முன்பே எழுதப்பட்டிருக்கின்றன, அவற்றுக்குள் அடங்குபவரே ஆட முடியும். வீட்டிலோ யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு விதியை எழுதலாம். கடைக்காரர் வீட்டில் இப்போது அந்த வேலையை நடுப்பிள்ளை செய்கிறான். பழைய குறிப்பேட்டின் பின்பக்கத்தில் வரிசை எண்ணிட்டு விதிகளை எழுதியிருக்கிறான். அவன் பெயரும் முன்பக்கத்துப் பட்டியலில் ஏறியிருக்கிறது, பெரும்பாலும் முதல் வரிசையில்.

அவற்றுள் ஏழாவது விதி பாட்டிக்காக எழுதப்பட்டது. மூட்டுவலியால் பாட்டியால் தரையில் அமர முடியாது. ஆட்டத்தில் சேரவோ ஆசை. இரண்டு நாள் வழக்காடியபின், பாட்டி நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் இடத்தில் தரை அந்த நாற்காலியின் உயரத்துக்கு எழும்பியிருப்பதாகக் கொள்ளவேண்டும் என்று முடிவாயிற்று. ஆகவே அவரும் தரையில் அமர்ந்தவரே. ஊன்றுகோலால் பலூனைத் தட்டலாமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கூடாது என்று இளையவன் என்னிடம் மேல்முறையீடு செய்திருக்கிறான். பாட்டி தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.